பேய் தேடும் மீட்டர் எதை அளக்கிறது?

தொலைக்காட்சியில் பேய் தேடுகிறவர்கள் தூக்கிக்கொண்டு அலையும் கருவிகளில் சில என் டூல் பாக்ஸிலும் இருக்கின்றன. தொழிற்சாலை மின் பராமரிப்புதான் என் வேலை. அதனாலோ என்னவோ, அந்த நிகழ்ச்சிகளைப் பார்த்தால் எனக்குப் பயத்துக்குப் பதில் எரிச்சல்தான் வருகிறது. ரீடிங் வந்ததும் "வேறு எதனால் இப்படிக் காட்டும்?" என்று நாங்கள் தேட ஆரம்பிப்போம். அவர்கள் அந்த இடத்தில் விளம்பர இடைவேளை விடுகிறார்கள்.

கே2 மீட்டரை எடுத்துக்கொள்வோம். ஐந்து விளக்குகள், பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். மின்காந்தப் புலம் கூடக்கூட ஒவ்வொன்றாக எரியும். பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) ஒரு வழியாகவும் நியூட்ரல் (அது திரும்பும் கம்பி) வேறு வழியாகவும் போகும் பழைய வயரிங் என்றால், சுவர் ஓரமாகப் போனாலே போதும். சரி, மின்சாரமே இல்லாத பாழடைந்த கட்டடம்? கூட வரும் குழுவிடம் செல்போன், காலர் மைக் டிரான்ஸ்மிட்டர், வாக்கிடாக்கி எல்லாம் இருக்கின்றனவே. பக்கத்தில் ஒரு போன் சிக்னல் தேடினாலும் அந்த விளக்குகள் துள்ளும்.

டெம்பரேச்சர் கன் கதை இன்னும் மோசம். அது காற்றின் வெப்பத்தை அளக்காது, எதிரே இருக்கும் பரப்பின் வெப்பத்தைத்தான் அளக்கும். 12:1 விகிதம் உள்ள கருவி என்றால் 12 அடி தூரத்தில் ஓர் அடி அகல வட்டத்தின் சராசரியைக் காட்டும். பளபளப்பான செம்புப் பட்டையில் நேராகக் காட்டினால் சூட்டைக் குறைத்துச் சொல்லும் என்பதால், நாங்கள் அதன்மேல் முன்கூட்டியே கறுப்பு டேப் ஒட்டி வைப்போம். இவர்கள் வராந்தாவின் வெறும் காற்றில் நீட்டி, "இங்கே திடீரென்று குளிர்கிறது" என்கிறார்கள். அது தூரத்து ஜன்னல் கண்ணாடியின் குளிர்.

டார்ச் வித்தையைப் பார்த்தால் எந்த எலக்ட்ரீஷியனும் சிரிப்பார். மூடியை லேசாகத் தளர்த்தி, எரிந்தும் எரியாமலும் இருக்கும் நிலையில் மேசைமேல் வைத்து, "யாராவது இருந்தால் விளக்கைப் போடு" என்பார்கள். பழைய இழை பல்பின் சூட்டில் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும். காண்டாக்ட் சேரும், விலகும். சுத்தமான லூஸ் கனெக்‌ஷன். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு கேள்விக்கு விளக்கு எரியத்தான் செய்யும். எரியாத கேள்விகள் எடிட்டிங்கில் போய்விடும்.

அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய 'கோஸ்ட் ஹன்டர்ஸ்' நிகழ்ச்சியின் நாயகர்கள் இருவரும் பிளம்பர்கள். சில வீடுகளில் வெறும் குழாய்ச் சத்தம் என்று சொல்லிவிட்டு வந்ததும் உண்டு, அந்த நேர்மையைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் 'மோஸ்ட் ஹான்டட்' குறித்துப் புகார் போனபோது, அது பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான், முறையான ஆய்வு அல்ல என்று ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் 2005இல் முடிவு சொன்னது. அதே ஆண்டில், அந்த நிகழ்ச்சியிலேயே இருந்த உளவியலாளர் கீரன் ஓகீஃப் ஒரு விஷயத்தை வெளியே சொன்னார். இல்லாத ஒரு சிறைக் காவலரின் பெயரை அவரே உருவாக்கிக் கசியவிட்டிருக்கிறார். ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன டெரெக் அகோராமீது அந்தக் 'காவலர்' வந்து இறங்கிவிட்டாராம்! ஏமாற்றவில்லை என்று அகோரா மறுத்தார்.

பேய் இருப்பதாகச் சொல்லும் இடங்களிலும் பணம் புரள்கிறது. அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள வேவர்லி ஹில்ஸ் 1910இல் திறந்து 1961இல் மூடிய காசநோய் மருத்துவமனை. இன்று இரவு முழுக்கத் தங்கிப் பேய் தேட டிக்கெட் விற்கிறார்கள். அங்கே 63,000 பேர் இறந்ததாக ஓர் எண் சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு 1,200க்கு மேல் வரும். 1926இல் கட்டிய பெரிய கட்டடமே சுமார் 400 நோயாளிகளுக்கானது. பிழைத்துப் போனவர்களே இல்லையா? ஃபிலடெல்ஃபியாவின் பழைய ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையும் ஹாலோவீனுக்கு டிக்கெட் விற்கிறது, ஆனால் அது நடிகர்களை வைத்து நடத்தும் விளையாட்டு என்று வருகிறவர்களுக்குத் தெரியும், வருமானம் கட்டடப் பராமரிப்புக்குப் போகிறது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ராஜஸ்தானின் பான்கர் கோட்டையில் இருட்டிய பிறகு நுழையக் கூடாது என்ற தொல்லியல் துறைப் பலகையைக்கூடப் பேய்க்கு அரசே தந்த சான்றிதழாக்கிவிட்டார்கள். மாலையில் மூடும் நினைவுச்சின்னங்கள் நாடு முழுக்க இருக்கின்றன.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று விட்டுவிட எனக்கு மனம் வராததற்குக் காரணம் உண்டு. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை ஆய்விதழில் வெளியிட்டார். வீட்டில் தலைவலி, யாரோ நடக்கும் சத்தம், கண்ணெதிரே உருவங்கள், வாடிப்போகும் செடிகள். கடைசியில், வீட்டைச் சூடாக்கும் பழுதான உலையிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கசிந்தது தெரிந்தது. சரிசெய்ததும் பேயும் போனது.

நம் வீடுகளில் அந்த உலையின் இடத்தில் இருப்பவை காற்றோட்டமில்லாத பாத்ரூமில் மாட்டிய கேஸ் கீசரும், மூடிய அறையில் ஓடும் ஜெனரேட்டரும். குளிக்கப் போனவருக்குத் தலை சுற்றினால் கீசரை நிறுத்தி, அவரை வெளியே காற்றுக்குக் கொண்டுவந்து, உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஓர் அறையில் விளக்கு மங்கி இன்னோர் அறையில் அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மந்திரிக்க ஆள் தேடும் நேரத்தில் பிரிட்ஜும் டிவியும் எரிந்துவிடும்.