ப்ளூ-ரே: ஓர் எழுத்து தொலைந்த சொல்

கௌபாய் பீபாப் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரை டிவிடியில் பார்த்துப் பழகியவன் நான். அதையே பிறகு ப்ளூ-ரேயில் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது கதாநாயகனும் இல்லை, விண்கலமும் இல்லை. பின்னணி ஓவியத்தில் தூரிகை இழுத்த தடம்தான். வானத்தின் மூலையில் வண்ணம் கொஞ்சம் தடித்து நின்றது. ஓர் ஓவியர் தாளின் மேல் குனிந்து கையால் தீட்டிய இடம் அது. இத்தனை வருடம் அந்தத் தடம் அங்கேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அன்றிலிருந்து ப்ளூ-ரே என்ற சொல்மேல் எனக்கு ஒரு பிரியம்.

சொல்லின் பொருள் எளிது. 'ப்ளூ' என்றால் நீலம், 'ரே' என்றால் கதிர். நீல நிறக் கதிரால் படிக்கப்படும் வட்டு. ஆனால் ஆங்கிலத்தில் நீலத்தை எழுதும்போது கடைசியில் வரவேண்டிய 'ஈ' எழுத்து இந்தப் பெயரில் இல்லை. நீலக்கதிர் என்பது யாரும் பேச்சில் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொல். அதை அப்படியே வணிகப் பெயராகப் பதிவு செய்ய முடியாது என்பதால் ஓர் எழுத்தை எடுத்துவிட்டார்கள். தமிழில் எழுதும்போது அந்த இழப்பு தெரிவதே இல்லை. எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் நமக்கு அது 'ப்ளூ'தான். ஜப்பானியர் தங்கள் எழுத்தில் எழுதும்போதும் இதே கதைதான்.

மெய்யெழுத்தில் சொல் தொடங்கக் கூடாது என்ற நம் மரபைப் பார்ப்பவர்கள் 'புளூ-ரே' என்று எழுதுவார்கள். அதுவும் சரிதான். கடைப்பலகையிலும் பேச்சிலும் 'ப்ளூ-ரே' என்றே நிலைத்துவிட்டதால் இங்கே அப்படி எழுதுகிறேன்.

சரி, அந்தக் கதிர் உண்மையிலேயே நீலமா? சிடியைப் படிக்கும் சீரொளியின் (லேசர்) அலைநீளம் 780 நானோமீட்டர். அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. டிவிடிக்கு 650, நல்ல சிவப்பு. ப்ளூ-ரேக்கு 405. பள்ளிப் பாடத்தில் வானவில்லின் ஏழு நிறங்களை ஊதா, கருநீலம், நீலம் என்று வரிசையாகப் படித்தோமே, அந்தக் கணக்கில் 405 ஊதாவின் பக்கம்தான் விழுகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் புறஊதா. அப்படியானால் 'ஊதாக்கதிர் வட்டு' என்பதுதான் அறிவியலுக்குப் பொருந்தும் என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் தமிழ்நாட்டில் நீலச் சட்டையையே ஊதாச் சட்டை என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். கத்தரிப்பூ நிறம் என்று சொன்னால்தான் சிலருக்கு அந்த நிறம் பிடிபடும். பெயர் வைத்தவர்களே நீலம் என்று வைத்திருக்கும்போது நாமும் நீலத்திலேயே நிற்கலாம் என்பது என் கருத்து.

அலைநீளம் குறைந்தால் என்ன லாபம்? தடித்த முனையுள்ள பேனாவால் ஒரு தாளில் பத்து வரி எழுதலாம். ஊசி முனை என்றால் அதே தாளில் இருபத்தைந்து வரி. வட்டிலும் அப்படித்தான். டிவிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான், ப்ளூ-ரேயில் 0.32. தகவலைப் பதித்து வைக்கும் குறிகளும் அதற்கேற்பச் சிறியவை. அதனால் டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட் கொள்ளும் இடத்தில் இதில் 25 ஜிகாபைட் கொள்கிறது. படமும் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகளாக விரிகிறது. இப்படி ஒரு சிறு அலைநீளக் கதிரைச் சிறு கருவிக்குள் உண்டாக்குவது சுலபமாக இருக்கவில்லை. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகாமுரா 1993இல் பிரகாசமான நீல ஒளி உமிழும் டையோடைக் காட்டினார். அதற்கு உதவிய காலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்திப் பொருளின் வழியில்தான் நீல ஊதாச் சீரொளியும் வந்தது. நீல டையோடுக்காக அவருக்கும் அகசாகி, அமானோ ஆகியோருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 2003இல் ஜப்பானில் முதல் ப்ளூ-ரே பதிவுக் கருவி விற்பனைக்கு வந்தது. எச்டி டிவிடி என்ற போட்டி வடிவத்தை 2008 பிப்ரவரியில் டோஷிபா கைவிட்ட பிறகு இந்தப் பெயர் ஒன்றுதான் மிஞ்சியது.

இனித் தமிழ்ச்சொல். சிடிக்குத் தமிழ்நாட்டில் குறுந்தகடு, குறுவட்டு என்று இரண்டும் உண்டு, ஈழத்தில் இறுவட்டு என்பார்கள். எனக்கு 'தகடு' என்பதைவிட 'வட்டு' பிடிக்கும். தகடு தட்டையைச் சொல்கிறது, வட்டு உருவத்தைச் சொல்கிறது. அதுவும் பழைய சொல். அரங்கு வகுக்காமல் வட்டாடுவதைப் போன்றது என்று, கல்லாதவன் அவையில் பேசுவதைக் குறள் (401) சொல்கிறதே, அந்த வட்டுதான். கட்டம் போட்ட இடத்தில் உருட்டி ஆடும் காய். இரண்டாயிரம் ஆண்டு நெருங்கிய அந்தச் சொல் இன்று திரைப்படம் சேமிக்கும் பொருளுக்கு அப்படியே பொருந்துகிறது. 'கதிர்' பற்றிச் சொல்லவே வேண்டாம். நெற்கதிர், கதிரவன், ஊடுகதிர் எல்லாம் நாம் தினம் பழகும் சொற்கள்.

ஆக, நீலக்கதிர் வட்டு. சிலர் சுருக்கி 'நீல வட்டு' என்கிறார்கள். அது வேண்டாம். தமிழில் 'நீலப்படம்' என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். 'கதிர்' நடுவில் இருந்தால்தான் அந்த நினைவு வராமல் காக்கும்.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் 'எச்டி'க்கு (ஹை டெஃபினிஷன்) 'உயர் வரையறை' என்று எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வரையறை என்பது ஒரு சொல்லுக்கோ கருத்துக்கோ எல்லை கட்டுவது. படத்தில் நாம் பேசுவது விளிம்பும் விவரமும் தெளிவாகத் தெரிவதை. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த பிழை இது. 'உயர் தெளிவு' என்றால் கேட்டவுடன் புரியும்.

தெளிவு என்பது வட்டில் மட்டும் இல்லை, மூலத்திலும் இருக்க வேண்டும். கௌபாய் பீபாப் 1998இல் வந்த தொடர், 26 அத்தியாயங்கள், கதை நடப்பது 2071இல். அப்போது படங்களை ஒளிபுகும் தாள்களில் தீட்டிப் படச்சுருளில் பிடித்தார்கள். தொலைக்காட்சி காட்டியதைவிட அதிக விவரம் அந்தச் சுருளில் தங்கியிருந்தது. 2012 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த நீலக்கதிர் வட்டுத் தொகுப்பு அதைத்தான் வெளியே கொண்டுவந்தது. விண்வெளிக் கறுப்பில் சுருளின் துகள்கள் மெல்லத் துடிப்பதை அதில் பார்க்கலாம். பீபாப் வந்து சில ஆண்டுகள் கழித்து, கணினியிலேயே வண்ணம் தீட்டிச் சாதாரணத் தெளிவில் முடித்த தொடர்களுக்கு இந்த வசதி இல்லை. அவற்றைப் பெரிதாக்கி வட்டில் போடலாம், புதிதாக எதுவும் தெரியாது. வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இப்போது இன்னும் கூடிய தெளிவுள்ள 4கே வட்டுகளும் வந்துவிட்டன. 66, 100 ஜிகாபைட் கொள்ளும் அவற்றையும் அதே 405 நானோமீட்டர் கதிர்தான் படிக்கிறது. எனவே அவற்றையும் தயங்காமல் நீலக்கதிர் வட்டு என்றே எழுதலாம். தேவைப்பட்டால் முன்னால் '4கே' சேர்த்துக்கொள்ளலாம்.