தேக்காவுக்கு வழி தெரிகிறது, மின்தூக்கிக்குத் தெரியவில்லை

தலையில் அடிபட்டு, பல மாதச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பிய ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் நாற்பது ஆண்டுகளாகப் போய்வந்த தேக்கா சந்தைக்குத் தனியாகவே போய் மீன் வாங்கி வந்துவிடுகிறார். அதே மனிதர், மகள் புதிதாகக் குடிபோன பொங்கோல் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கி எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழிக்கிறார். நடிக்கிறாரோ என்றுகூட வீட்டாருக்குத் தோன்றும். நடிப்பு இல்லை.

மூளையின் உட்பகுதியில், கடற்குதிரை போல வளைந்திருக்கும் ஹிப்போகாம்பஸ்தான் புது இடங்களுக்கு வரைபடம் போடுகிறது. குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் நரம்பணுக்கள் அங்கே இருப்பதை 1971இல் எலிகளிடம் கண்டறிந்தவர் ஜான் ஓ'கீஃப். 2014இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

ஆனால் பழைய வரைபடங்கள் அங்கேயே தங்கிவிடுவதில்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், கிருமித் தொற்றால் ஹிப்போகாம்பஸை இழந்த அமெரிக்க முதியவர் ஒருவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த ஊரின் தெருக்களை அச்சுப்பிசகாமல் விவரித்தார். வழக்கமான சாலை அடைபட்டால் எப்படிப் போவீர்கள் என்று கேட்டபோதும் சரியாகவே சொன்னார். நோய்க்குப் பின் குடியேறிய சுற்றுவட்டாரம் மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. நம் பெரியவரின் தேக்காவும் பொங்கோலும் இதே கதைதான்.

அடிபட்ட இடம் வேறானால் கோளாறும் வேறு. சிலருக்குக் கோபுரம் கோபுரமாகத் தெரியும். அது வீரமாகாளியம்மன் கோயில் என்பது மட்டும் தெரியாது. ஒரே அச்சில் வார்த்த புளோக்குகள் நிறைந்த நம் ஊரில், எண்ணைப் படிக்கும் பழக்கம் அவர்களைக் காப்பாற்றும். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையின் கூட்டம் வேறு சங்கதி: வேண்டாத ஓசையை ஒதுக்கவே அடிபட்ட மூளை படாத பாடு படுவதால், அரை மணி நேரத்திலேயே களைத்துவிடுவார்கள்.

புது வழியைப் பழக்குவதில் நாம் செய்யும் பெரிய தவறு, "தப்பு செய்து கற்றுக்கொள்ளட்டும்" என்று விடுவது. செய்த தவறு நினைவில் நின்றால்தானே திருத்திக்கொள்ள முடியும்? நினைவாற்றல் சிதைந்தவருக்குத் தவறான திருப்பமே பழக்கமாகப் படிந்துவிடுகிறது. அதனால் கூட நடப்பவர் முந்திக்கொண்டு, அவர் கால் வலப்பக்கம் திரும்புவதற்கு முன்பே "இடப்பக்கம், அப்பா" என்று சொல்லிவிட வேண்டும். நாள்தோறும், அதே வழியில், அதே சொல்லில்.