பொரியைப் பொறுக்கும் விரல்கள்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அண்ணன் மகள் தரையில் சிந்திய பொரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பத்து மாதம் ஆகிறது. முதலில் உள்ளங்கையால் அள்ளப் பார்த்தாள், நழுவிவிட்டது. அப்புறம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குவித்து ஒரே ஒரு பொரியை எடுத்துவிட்டாள்.

இந்த ஒரு பிடிக்கு மூளை, முதுகுத்தண்டு, விரல் தசை எல்லாம் இசைந்து வர வேண்டும். அதற்கான நரம்புகள் தாய் வயிற்றிலேயே கிளைவிடத் தொடங்குகின்றன. ஈயமும் பாதரசமும் கெடுதல் செய்வது அங்கேதான்.

நஞ்சுக்கொடி வேண்டாததை எல்லாம் வடிகட்டிவிடும் என்று நினைக்கிறோம். ஈயத்தை அது தடுப்பதில்லை. மின்னூட்டத்திலும் அளவிலும் ஈயம் கால்சியத்தை ஒத்திருப்பதால், உடல் அதைக் கால்சியம் என்றே எடுத்துக்கொள்கிறது. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லக் கால்சியம் வேண்டும். அந்த இடத்தில் ஈயம் போய் உட்கார்ந்தால் செய்தி குழம்புகிறது.

இன்னொன்றுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தாய் சிறுவயதில் வாங்கிய ஈயம் அவள் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, பழைய ஈயமும் கூடவே இறங்கி வருகிறது. போதிய கால்சியம் சாப்பிட்டால் இந்தக் கரைவு குறையும். இரும்புச்சத்து குறைந்தால் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். சோகைக்குத் தரும் மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈயச் சொம்பு ரசம் நம் வீடுகளில் உண்டு. அந்தச் சொம்பு உண்மையில் வெள்ளீயம் (tin) என்ற வேறு உலோகம், அதில் ஆபத்தில்லை. ஆனால் மலிவுக்காகக் காரீயம், அதாவது மேலே சொன்ன ஈயம், கலந்திருந்தால், கொதிக்கும் புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பாதரசத்தின் வழி வேறு. மீனில் இருக்கும் மெத்தில் பாதரசம் உடலில் ஓர் அமினோ அமிலத்தோடு சேர்ந்து, மெத்தியோனின் என்ற சத்துப்பொருள் போலவே நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிடக் கூடுதலாகவே சேர்கிறது. அசைவுகளைச் சீராக்கும் சிறுமூளையையும் அது தாக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட துயரத்தில், தாய்மார் பலருக்குப் பெரிதாக எந்த நோயும் தெரியவில்லை. பிள்ளைகளோ கைகால் வசப்படாமல் பிறந்தார்கள். அது ஆலைக் கழிவால் வந்த மிக அதிக அளவு. குறைந்த அளவில் கெடுதல் நுணுக்கமானது: விரல் வேகம் குறைவது, கை சற்றுத் தடுமாறுவது. ஒரு குழந்தை தாமதமாக நடந்தால் உடனே உலோகம் என்று பயப்பட வேண்டாம், அதற்கு வேறு காரணங்களே அதிகம்.

அதற்காகக் கடலோரத்தில் இருந்துகொண்டு மீனை விட முடியுமா? விடவும் கூடாது, கருவின் மூளைக்கு மீன் கொழுப்பு வேண்டும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னப் பாதரசம் மேலே மேலே சேர்கிறது. அதனால் நெத்திலி, மத்தியில் குறைவு. பெரிய வஞ்சிரம், சுறாவில் அதிகம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு வைப்பது நம் வழக்கம்தான், ஆனால் கர்ப்ப மாதங்களில் சுறாவைத் தள்ளிவையுங்கள்.

தங்கைக்கு இப்போது ஐந்தாம் மாதம். நேற்று துறைமுகத்தில் ஒரு கூறு நெத்திலி வாங்கி வந்தோம். ஈயச் சொம்பு பரணில் ஏறிவிட்டது. ரசம் எவர்சில்வரில் கொதிக்கிறது.