நிதியாண்டு ரிப்போர்ட்ல காணாம போற மார்ச் 31

லெட்ஜர், ஹெச்லெட்ஜர், பீன்கவுண்ட்னு கணக்கு சாஃப்ட்வேர் வச்சு டெர்மினல்ல (கமாண்ட் டைப் பண்ற திரைல) கணக்கு எழுதறவங்க ஃபைல் கைக்கு வந்தா எனக்கு ஒரு நிம்மதி, எல்லாமே சாதா டெக்ஸ்ட், எந்த என்ட்ரி எங்க இருக்குனு கண்ணாலயே பாத்துரலாம். ஆனா நிதியாண்டு ரிப்போர்ட்னு வந்துட்டா நல்லா கோடு எழுதறவங்களே சறுக்கறாங்க, அதுவும் எரர் எதுவும் வராம சறுக்கறதால கண்டுபிடிக்கவே மாசக்கணக்காகுது.

முதல்ல முடிவுத் தேதி. லெட்ஜர், ஹெச்லெட்ஜர் ரெண்டுலயும் நீங்க முடிவுனு குடுக்கற நாள் ரிப்போர்ட்ல சேராது, முந்தின நாளோட நின்னுரும். 2024-25 வேணும்னா தொடக்கம் 2024-04-01, முடிவு 2025-04-01. பாதிப்பேர் இயல்பா 2025-03-31னு போட்டுடறாங்க. ஒரு நாள்தானேனு நினைக்காதீங்க, தேய்மானம், வருஷ வட்டி, கொடுக்க வேண்டிய செலவுக்கான ப்ரொவிஷன்னு பெரிய என்ட்ரி எல்லாம் அந்த ஒரே நாள்லதான் குவிஞ்சு கிடக்கும்! ஒவ்வொரு என்ட்ரியும் தனித்தனியா டேலி ஆகறதால ஒரு நாள் மொத்தமா விழுந்தாலும் ரிப்போர்ட் அழகா டேலி ஆகித்தான் நிக்கும், லாபம் மட்டும் கூடுதலா தெரியும்.

இதுல ஹெச்லெட்ஜர்ல இன்னொரு கூத்து இருக்கு. அதே தப்பான தேதியோட மாசவாரியா பிரிக்கச் சொன்னா கடைசி மாசத்தை அதுவே முழுசாக்கிக்கும், மார்ச் 31 உள்ள வந்துரும். மாசவாரி மொத்தம் ஒண்ணு, வருஷ மொத்தம் வேற ஒண்ணுனு வந்தா சாஃப்ட்வேர்ல பக்னு கத்தறதுக்கு முன்னாடி முடிவுத் தேதியைப் பாருங்க.

தொடக்கத் தேதி குடுக்காம வெறும் இயர்லினு கேட்டா ஜனவரி டு டிசம்பர்தான் வரும், உங்க நிதியாண்டு எதுனு அதுக்கு எப்படித் தெரியும். குவார்ட்டர்லில இந்தப் பிரச்சனை இல்ல, ஏப்ரல்ல ஆரம்பிச்சாலும் ஜூலைல ஆரம்பிச்சாலும் காலாண்டு சரியா பொருந்திரும். பீன்கவுண்ட்காரங்க ஃபாவா (பீன்கவுண்ட் கணக்கை ப்ரௌசர்ல காட்டற டூல்) வச்சிருந்தா நிதியாண்டு முடியற நாளை ஃபைல்லயே ஒரு ஆப்ஷனா எழுதி வச்சுக்கலாம்.

அடுத்தது நான் நேர்ல பாத்தது. ஒருத்தர் நிதியாண்டுக்கு ஒரு ஃபைல்னு பிரிச்சு, மேல ஒய் 2024னு டீஃபால்ட் வருஷம் போட்டுட்டு கீழ எல்லாம் மாசம் தேதி மட்டும் எழுதிட்டே போயிருக்கார், ஏப்ரல்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் பிரச்சனை இல்ல, ஜனவரி 5னு எழுதினதும் அது 2024 ஜனவரி ஆகி முந்தின நிதியாண்டுல போய் உக்காந்துருச்சு, இப்படியே மூணு மாச வரவு செலவு மொத்தமும் ஏற்கனவே முடிச்சு வச்ச வருஷத்துக்குள்ள. ஜனவரி என்ட்ரிகளுக்கு முன்னாடி ஒய் 2025னு ஒரு வரி போட்டிருந்தா போதும், என்னைக் கேட்டா எல்லா இடத்துலயும் முழு தேதியே எழுதிருங்க. ஹெச்லெட்ஜர்ல செக் கமாண்டோட ஆர்டர்டுடேட்ஸ்னு குடுத்தா தேதி பின்னாடி போன இடத்தைப் புடிச்சுக் குடுத்துரும்.

பேலன்ஸ் ஷீட்டுக்கு பொதுவான பேலன்ஸ் கமாண்டையே தொடக்கத் தேதியோட ஓட்டாதீங்க, பேங்க் இருப்பு வராது, அந்த வருஷத்துல இருப்பு எவ்வளவு மாறிச்சுங்கறதுதான் வரும். ஹெச்லெட்ஜர்ல பேலன்ஸ்ஷீட்னே தனி கமாண்ட் இருக்கு, பழைய இருப்பையும் சேத்துக் காட்டும். வந்த தொகையை பேங்க் ஸ்டேட்மென்ட்டோட வச்சுப் பாருங்க. பீன்கவுண்ட்ல இருப்பை சரிபார்க்கற பேலன்ஸ் வரி அந்த நாள் தொடங்கும்போது உள்ள இருப்பைத்தான் பாக்கும், அதனால மார்ச் 31 முடிவு இருப்புக்கு தேதி ஏப்ரல் 1.

க்ளோசிங் என்ட்ரி போட்டபிறகு லாப நட்டக் கணக்கு பூஜ்யமா வந்தா பயப்படாதீங்க, வருமானம் செலவு எல்லாத்தையும் அந்த என்ட்ரி ஈக்விட்டிக்கு (முதல் கணக்குக்கு) தள்ளிருச்சு, அவ்வளவுதான். ஹெச்லெட்ஜரே எழுதிக் குடுத்த என்ட்ரினா அதுல ஒரு டேக் (அடையாளக் குறி) இருக்கும், அதை விலக்கிட்டு திரும்ப ரிப்போர்ட் எடுங்க, பழைய தொகை வந்துரும்.