ஜேஇஇ மெயின் மார்க்கில் தப்பா? ஆன்சர் கீ வந்ததும் கேட்டால்தான் உண்டு

ஜேஇஇ மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வு பல ஷிப்டாக நடக்கிறது. ஷிப்டுக்கு ஷிப்ட் வினாத்தாள் வேறு. அதனால் தரவரிசைக்கு 300-க்கு வாங்கிய மார்க்கை எடுப்பதில்லை, பெர்சன்டைலைத்தான் எடுக்கிறார்கள்; அதாவது, உங்கள் மார்க்கோ அதற்குக் கீழோ வாங்கியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற எண்ணை. உங்கள் ஷிப்டில் ஒரு லட்சம் பேர் எழுதி, 98,000 பேர் 180-ஓ அதற்குக் கீழோ வாங்கியிருந்தால், 180 வாங்கியவருக்கு 98.0000000. சுலபமான தாள் வந்த ஷிப்டில் அதே 180-க்கு 96 கூட வரலாம். இயற்பியல், வேதியியல், கணிதம் என்று தனித்தனியாக வரும் மூன்று பாடப் பெர்சன்டைலையும் கூட்டி மூன்றால் வகுத்துப் பார்த்து, குறைத்துவிட்டார்கள் என்று பதறுகிறவர்கள் ஏராளம். மொத்தப் பெர்சன்டைல் மொத்த மார்க்கிலிருந்து தனியாகக் கணக்கிடுவது, சராசரி அல்ல.

எல்லா ஷிப்டிலும் ஒரே தரத்துப் பிள்ளைகள்தான் எழுதினார்கள் என்று நம்பித்தான் இந்தக் கணக்கே நிற்கிறது. எல்லாத் தாளிலும் பொதுவாகச் சில கேள்விகளை வைத்து அதைச் சரிபார்க்கும் ஏற்பாடு இந்த வாய்பாட்டில் இல்லை. நியாயமான குறைதான். ஆனால் அதற்காக மனு எழுதி நாளைக் கடத்தாதீர்கள்.

நீங்கள் கேட்கக்கூடிய ஒரே இடம் தற்காலிக ஆன்சர் கீ, அதாவது இறுதி முடிவுக்கு முன் வெளியிடும் விடைப் பட்டியல். இரண்டு மூன்று நாள்தான் திறந்திருக்கும். கேள்விக்கு 200 ரூபாய், திரும்ப வராது. பணம் கட்டி முடியாத ஆட்சேபம் கணக்கில் சேராது. ரசீதை டவுன்லோட் செய்து வையுங்கள்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: நீங்கள் தந்த விடைகளின் பதிவான ரெஸ்பான்ஸ் ஷீட்டில் 'தேர்ந்த ஆப்ஷன் 3' என்று இருக்கும். கீயில் 3 என்று இருக்காது, நீளமான ஆப்ஷன் ஐடி எண் இருக்கும். கேள்வியும் விடையும் ஆளுக்கு ஆள் இடம் மாறுவதால், நண்பனின் வரிசை எண்ணோடு ஒப்பிடுவது வீண். கேள்வி ஐடியைத் தேடி, நீங்கள் தொட்ட ஆப்ஷனின் ஐடியைக் கடைசி இலக்கம்வரை பாருங்கள்.

தமிழில் எழுதியவர்கள் கவனிக்க: மொழிபெயர்ப்பு இடறினால் ஆங்கில வடிவமே இறுதி. 'தமிழில் வேறு அர்த்தம் வந்தது' என்ற வாதம் எடுபடாது. ஆங்கிலக் கேள்வியே தப்பு என்று காட்ட முடிந்தால் மட்டும் 200 ரூபாயைச் செலவிடுங்கள்.

தப்பான கேள்வியை நீக்கினால் எல்லோருக்கும் 4 மார்க். தொடாதவருக்கும் அதே 4 என்பதால் உங்கள் பெர்சன்டைல் ஏறியே தீரும் என்று எண்ண வேண்டாம். இரண்டு விடை சரி என்று ஏற்றால், அவற்றில் ஒன்றைத் தொட்டவருக்கு மட்டும் 4. கூடுதல் ஏற்றத்துக்கு வாய்ப்பு அங்கே.

இறுதிக் கீ வந்தபின் மறுமதிப்பீடும் கிடையாது, மறுகூட்டலும் கிடையாது.