சுர் லீ: அடிமண்டியோடு வரும் பீர்

கனடாவின் கியூபெக்கில் யூனிப்ரூ ஆலை தயாரிக்கும் பீர்ப் புட்டிகளில் 'சுர் லீ' என்ற சொற்களைப் பார்க்கலாம். பிரெஞ்சில் 'சுர்' என்றால் மேல். 'லீ' என்பது மது புளித்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் படிவு. முதலில் இது திராட்சை மதுக்காரர்களின் சொல். பிரான்சில் லுவார் ஆறு கடலில் சேரும் பக்கத்தில், மஸ்கடே என்ற வெள்ளை மதுவைக் குளிர்காலம் முழுக்கப் படிந்த ஈஸ்ட்டின் மேலேயே விட்டுவைத்துப் பிறகுதான் புட்டியில் அடைப்பார்கள். பீரிலோ அந்த ஈஸ்ட் புட்டிக்குள்ளேயே வந்துவிடுகிறது.

மூடும் முன் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்ட்டும் சேர்த்து, இரண்டு மூன்று வாரம் வெதுவெதுப்பான அறையில் வைப்பார்கள். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை, பீரின் கன அளவுக்கு ஏறத்தாழ ஒரு மடங்கு கார்பன் டை ஆக்சைடு தரும். பெல்ஜிய வகைகளில் மூன்று மடங்கு வரை போவதுண்டு. ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயுவைக் கணக்கில் கழிக்காவிட்டால் புட்டி வெடிக்கவும் கூடும். படிந்த ஈஸ்ட், உள்ளே சிக்கிய ஆக்சிஜனை உறிஞ்சிப் பீரைக் காக்கும். வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்தாலோ அதுவே சிதைந்து சோயா சாஸ் வாடை அடிக்கும்.

தமிழில் என்ன சொல்வது? 'வண்டல்' ஆற்றுக்குரியது. 'கசடு' குற்றத்தையும் சுட்டும். இங்கே குற்றமே இல்லை. கள்ளுக்கும் காபிக்கும் எண்ணெய்க்கும் நாம் சொல்வது மண்டி. அரிசி மண்டியோடு குழம்பாமலிருக்க 'அடிமண்டி' என்றால் தெளிவு. ஆகவே 'அடிமண்டிப் பீர்'. 'மண்டியிட்ட பீர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது முழந்தாளிட்டு நிற்கும்! சங்கப் பாடல்களில் வரும் 'தேறல்' இதற்கு நேர் எதிர்: தேறுதல் தெளிதல், தேறல் தெளிந்த கள்.

யூனிப்ரூ ஆலையின் 'தோன் த தியூ'வை எடுத்துக்கொள்வோம். பெயருக்குக் கடவுளின் கொடை என்று பொருள். 1608-இல் பிரெஞ்சுக் கடலோடி சாமுவேல் த ஷாம்ப்ளேன் கியூபெக் நகரை நிறுவ வந்த கப்பலின் பெயர் அது. பீர், கோதுமை சேர்த்த டிரிப்பல் (வலுவான பெல்ஜிய வகை) பாணி. ஆல்கஹால் 9 சதவீதம். முந்தின நாளே புட்டியை நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்தால் மண்டி பக்கவாட்டில் ஒட்டும். 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் போதும். ஐஸ் போலக் குளிர்ந்தால் ஈஸ்ட் தரும் கிராம்பு, பழ மணங்கள் எழாது. வாய் சற்றுக் குவிந்த டூலிப் கோப்பையைச் சாய்த்து மெதுவாக, இடையில் நிறுத்தாமல் ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்திச் சாய்த்தால் மண்டி கிளம்பிவிடும். கோதுமையின் புரதத்தால் மங்கல் எப்படியும் இருக்கும், அதை மண்டி என்று நினைக்க வேண்டாம்.

அடியில் இரண்டு விரற்கடை இருக்கும்போது நிறுத்தி, முதலில் மேல்பீரைச் சுவையுங்கள். பிறகு மிச்சத்தைச் சுழற்றிக் கலக்கிக் கோப்பையில் சேருங்கள். நிறம் பாலேறும், வாயில் கனம் கூடும், ரொட்டி மாவின் வாசமும் மெல்லிய கசப்பும் வரும்.