செயலியின் ‘தலைமுறை’: சொல்லும் பொருளும்

மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள், அதன் கட்டளைகளை நிறைவேற்றும் சில்லான செயலியைப் பற்றித் தவறாமல் கேட்கும் கேள்வி, “செயலி எத்தனையாவது ஜெனரேஷன்?” என்பது. பேச்சில் ‘ஜென்’ என்று சுருங்கிவிட்ட இந்த ஆங்கிலச் சொல், பெற்றெடுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இதற்கு நாம் புதுச்சொல் ஆக்கத் தேவையில்லை. ‘தலைமுறை’ நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ‘தலைக்கு இவ்வளவு’ என்னும்போது தலை ஆளைக் குறிக்கிறது. முறை, ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கையும், ‘அவர் உனக்கு என்ன முறை?’ என்று கேட்கும்போது உறவையும் சுட்டுகிறது. வரிசை, உறவு என்னும் இரண்டையும் ஒருசேரத் தாங்கும் இச்சொல், செயலிகளுக்கு மூலச்சொல்லைவிடவும் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து.

காரணம் இதுதான்: 1978-இல் வந்த, இன்டெல் நிறுவனத்தின் 8086 செயலிக்கு எழுதப்பட்ட கட்டளைகளை 1982-இன் 80286-உம், 1985-இன் 80386-உம், 1989-இன் 80486-உம் புரிந்துகொண்டன. பிள்ளை பெற்றோரின் மொழியைப் பேசியபடியே புதியனவும் கற்றுக்கொள்வதைப் போன்ற தொடர்ச்சி அது.

பின்னாளில், இன்டெல்லின் ‘கோர்’ என்னும் வணிகப்பெயர் கொண்ட செயலிகளில் தலைமுறை என்பது பெயரில் எழுதப்படும் எண்ணாகவும் ஆனது. ஐ7-7700 என்பதில் கோட்டுக்குப் பின் வரும் 7 ஏழாம் தலைமுறையையும், ஐ3-10100 என்பதில் வரும் 10 பத்தாம் தலைமுறையையும் காட்டுகின்றன. 2017-இல் வந்த முன்னதையும் 2020-இல் வந்த பின்னதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டிலும் 4 கோர்கள் (கட்டளைகளை நிறைவேற்றும் உள்பகுதிகள்), 8 திரெட்கள் (ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய பணியிழைகள்), 3.6 ஜிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம். செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான கேச் நினைவகம் மட்டும் பழையதில் 8 எம்பி, புதியதில் 6 எம்பி. மூன்று தலைமுறை கடந்தபின், அன்று மேல்தட்டில் இருந்த திறன் கீழ்த்தட்டுக்கு இறங்கியிருக்கிறதே தவிர, உள்ளே இருக்கும் கோர் மாறவில்லை. 2015-இல் ஆறாம் தலைமுறையாக வந்த, ஸ்கைலேக் என்னும் செயலிக் குடும்பத்தின் கோர் வடிவமைப்பே மேசைக்கணினிகளில் பத்தாம் தலைமுறை வரை தொடர்ந்தது. மாறாக, 2021-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறையில் வேகத்துக்கு ஒருவகைக் கோர், மின்சிக்கனத்துக்கு இன்னொருவகைக் கோர் என அமைப்பே புதிதானது.

ஆகவே எழுதும்போது மூன்று சொற்களைப் பிரித்து ஆள்வது நல்லது: நிறுவனம் இடும் எண்ணுக்குத் ‘தலைமுறை’, கோரின் உள்வடிவமைப்புக்கு ‘நுண்கட்டமைப்பு’, ஐ3, ஐ5, ஐ7 போன்ற திறன்தட்டுகளுக்கு ‘வரிசை’. செல்பேசியில் ‘ஆப்’ என்னும் பொருளில் வழங்கும் செயலியோடு குழம்பக்கூடிய இடத்தில் ‘நுண்செயலி’ என்றே எழுதிவிடலாம்.

எண்ணைச் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். ‘12 தலைமுறை’ என்றால் பன்னிரண்டு தலைமுறைகள் என்றே பொருள்படும். ‘12-ஆம் தலைமுறைச் செயலி’ என்பதே சரி. அதேபோல், 12-ஐ ஒப்பிடும்போது 11-ஆம் தலைமுறை ‘முந்தைய தலைமுறை’. அதற்கும் முன்னால் வந்த எல்லாவற்றையும் ‘பழைய தலைமுறைகள்’ எனலாம்.